அந்த ஒரு ஓட்டு யாருடையது?

பழைய பேப்பர்:
சூறாவளி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: 99 எம்.பி.க்களை வைத்துக்கொண்டு ராகுல் காந்தி அட்டை பிடிக்கிறார், வெளிநடப்பு செய்கிறார். ஆனால் 1999-ல் அவருடைய அம்மா சோனியா ஒரே ஓட்டில் வாஜ்பாய் அரசைக் கவிழ்த்துக் காட்டினார். எதிர்க்கட்சித் தலைமை என்றால் அதுதான். இதற்கு ஆமாம் போட ஒரு கூட்டம் வேறு.

1999 ஏப்ரல் 17-ல் மக்களவையில் நடந்த நம்பிக்கை ஓட்டெடுப்பைத் தந்திரம் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது? ஆதரவு 269, எதிர்ப்பு 270. அந்த 270-ல் ஒருவர் கிரிதர் கமாங். பிப்ரவரியிலேயே ஒரிசா முதல்வராகப் பதவியேற்றவர். எம்.பி. பதவியை விடாமல் வைத்திருந்து, புவனேஸ்வரத்திலிருந்து தில்லி வந்து, மத்திய அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டார். ஒரு மாநிலத்தின் முதல்வர் மக்களவையில் உட்கார்ந்து நாட்டின் அரசைக் கவிழ்த்தார். இது வீரம் என்றால் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

சூறாவளி:
அண்ணே, பெயருக்கேற்ற மாதிரி பழைய புலம்பலைத்தான் எடுத்து வருகிறீர்கள். கமாங் அன்றைக்குச் சட்டப்படி எம்.பி. அவர் எம்.எல்.ஏ.வாக இல்லவே இல்லை. சட்டமன்ற உறுப்பினராக இல்லாமலே ஆறு மாதம் வரை முதல்வராக இருக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 164-வது பிரிவு சொல்கிறது. இரண்டு சபையிலும் உறுப்பினராக இருந்திருந்தால்தான் சிக்கல். அவர் ஒரே சபையில்தான் இருந்தார்.

சபாநாயகர் பாலயோகி காங்கிரஸ்காரரா? தெலுங்கு தேசம். அவரே தடுக்கவில்லை. மனசாட்சிப்படி முடிவெடுங்கள் என்று கமாங்கிடமே விட்டுவிட்டார். சபாநாயகருக்கு வராத கோபம் உங்களுக்கு ஏன் வருகிறது?

பழைய பேப்பர்:
சட்டத்தில் தடை இல்லை என்பதும் நேர்மை என்பதும் ஒன்றா தம்பி? மனசாட்சிக்கு விட்டார் என்றால், மனசாட்சி உள்ளவர் என்ன செய்திருக்க வேண்டும்? கை தூக்காமல் இருந்திருக்க வேண்டும். அவர் மட்டும் ஓட்டுப் போடாமல் இருந்திருந்தால் அரசு நின்றிருக்கும்.

கணக்குப்பிள்ளை:
நின்றிருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கழித்தல் தெரியும்தானே? 270-ல் ஒன்று போனால் 269. இரண்டு பக்கமும் 269. சமம். அப்போதுதான் சபாநாயகர் ஓட்டுப் போட வேண்டும். 100-வது பிரிவைப் படித்துவிட்டு வாருங்கள். முதலில் அவருக்கு ஓட்டு கிடையாது, சமமாக வந்தால் மட்டும் உண்டு. அவர் எந்தப் பக்கம் போட்டிருப்பார் என்று உங்களிடம் முன்கூட்டியே சொன்னாரா?

ஆக கமாங் இல்லாவிட்டால் அரசு நின்றிருக்கும் என்பது ஊகம். ஆனால் சைபுதீன் சோஸ் கதை வேறு. தேசிய மாநாட்டுக் கட்சி எம்.பி. அந்தக் கட்சி அரசுக்கு ஆதரவு. இவர் மட்டும் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி எதிர்த்துப் போட்டார். அவர் கட்சி சொன்னபடி போட்டிருந்தால் ஆதரவு 270, எதிர்ப்பு 269. சபாநாயகருக்கு வேலையே இல்லை. அரசு ஜெயித்திருக்கும்.

அந்த ஒரு ஓட்டு சோஸுடையது. கமாங் பெயரைச் சொல்பவர்கள் கணக்குப் போடாதவர்கள். இதை நான் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

பழைய பேப்பர்:
பாலயோகி தெலுங்கு தேசம். தெலுங்கு தேசம் வாஜ்பாய்க்கு வெளியிலிருந்து ஆதரவு. அவர் எந்தப் பக்கம் போட்டிருப்பார் என்பது ஊருக்கே தெரியும். கமாங்தான்.

கணக்குப்பிள்ளை:
ஊருக்குத் தெரியும் என்பதெல்லாம் ஆதாரமா? சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தவர் கட்சிக்காரராக நடக்கக் கூடாது என்பது மரபு. தீர்மானம் சபையில் பெரும்பான்மை பெறவில்லை என்று சொல்லி எதிர்த்தும் போட்டிருக்கலாம். மரபுப்படி அதற்கும் இடம் உண்டு. சோஸ் விஷயத்தில் இந்த இழுபறி எதுவும் கிடையாது. சோஸ் ஓட்டு மாறினால் வித்தியாசம் இரண்டு. கமாங் வராவிட்டால் வித்தியாசம் ஒன்று. இரண்டு பெரியதா, ஒன்று பெரியதா?

தேன்மொழி:
நீங்கள் எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். முதலில் பேச வந்தது எதிர்க்கட்சித் தலைமையைப் பற்றி. எதிர்க்கட்சியின் வேலை அரசைக் கவிழ்ப்பது மட்டும்தானா? அதைப் பேசாமல் யார் ஓட்டு என்று அடித்துக்கொள்வதில் என்ன இருக்கிறது?

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2014-ல் காங்கிரசுக்கு மக்களவையில் 44 பேர்தான். எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்தே கிடைக்கவில்லை. ஆனால் அதே நேரத்தில்தான் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைத் தளர்த்தும் அவசரச் சட்டம் முடங்கியது. மூன்று தடவை பிறப்பித்தார்கள். மாநிலங்களவையில் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. எதிர்க்கட்சிகள் சேர்ந்து நின்றார்கள், வெளியே விவசாயிகள் எதிர்த்தார்கள், 2015 ஆகஸ்ட் கடைசியில் அதை அப்படியே காலாவதியாக விட்டுவிட்டார்கள். யாரும் கவிழவில்லை. ஆனால் அரசு பின்வாங்கியது. எனக்கு 1999-ஐவிட இதுதான் பெரிய வெற்றி.

சூறாவளி:
தேன்மொழி அக்கா, அது வேறு, இது வேறு. கணக்குப்பிள்ளை ஐயா, சோஸ் ஓட்டு என்று நீங்கள் சொன்னாலும் என் பேச்சு பொய்யாகிவிடாது. சோஸை இந்தப் பக்கம் கொண்டு வந்தது யார்? எதிர்க்கட்சிதானே? அது தலைமையின் திறமைதானே?

கணக்குப்பிள்ளை:
சோஸ் தானாக வந்தார். அதை எடுத்து உங்கள் தலைவியின் கணக்கில் எழுதாதீர்கள். அவரைத் தேசிய மாநாட்டுக் கட்சி நீக்கியது. கட்சித்தாவல் சட்டப்படி பதவியையே பறித்திருக்கலாம், ஆனால் 26-ஆம் தேதி மக்களவையே கலைந்துவிட்டது, அதற்கு நேரமில்லாமல் போனது.

பழைய பேப்பர்:
தானாக வந்தாராம். அப்புறம் அதே சோஸ் காங்கிரசில் சேர்ந்து மன்மோகன் சிங் அமைச்சரவையில் நீர்வளத் துறைக்கு மந்திரியானது எப்படி? அதுவும் தானாகவா?

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா, நீங்களே சோஸ் ஓட்டு முக்கியம் என்று ஒத்துக்கொள்கிறீர்கள். முக்கியம் இல்லாதவருக்கு மந்திரி பதவி எதற்கு?

பழைய பேப்பர்:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். கமாங்.

இலைநிழல்:
கமாங், சோஸ் என்று வடக்கே பார்த்துக்கொண்டே இருங்கள். அந்த அரசைக் கவிழ்த்தது புரட்சித் தலைவி அம்மா. ஏப்ரல் 14-ல் அதிமுகவின் 18 எம்.பி.க்களின் ஆதரவை வாபஸ் வாங்கினார். அதற்கு முன்பே தம்பிதுரை முதலானவர்கள் மந்திரி பதவியை விட்டார்கள். அதற்குப் பிறகுதான் குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் பெரும்பான்மையை நிரூபிக்கச் சொன்னார். 18 பேர் போகாவிட்டால் கமாங்கும் இல்லை, சோஸும் இல்லை. தில்லியில் மார்ச் கடைசியில் சுப்பிரமணியன் சுவாமி கொடுத்த தேநீர் விருந்துக்கு சோனியா வந்தது யாரைப் பார்க்க? தமிழ்நாட்டுத் தலைவியைப் பார்க்க. அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

கறுப்பு சிவப்பு:
சொல்கிறோம், நன்றாகவே சொல்கிறோம். ஜெயலலிதா அம்மையார் எதற்காக வாபஸ் வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத்தை நீக்கியதைத் திரும்பப் பெற வேண்டும், பெர்னாண்டஸைப் பாதுகாப்புத் துறையிலிருந்து மாற்ற வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை. அதைவிடப் பெரிய ஆசை தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்பது. வாஜ்பாய் அதைச் செய்யவில்லை. அதற்கான கோபம்தான் அந்த 18 ஓட்டு. இதில் தேசிய அரசியலும் இல்லை, எதிர்க்கட்சித் தந்திரமும் இல்லை.

இலைநிழல்:
மதவாதக் கட்சி என்று மேடைக்கு மேடை பேசிவிட்டு ஏப்ரல் 17-ல் வாஜ்பாய்க்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது யார்? திமுக. அக்டோபரில் அதே அமைச்சரவையில் முரசொலி மாறனும் டி.ஆர்.பாலுவும் உட்கார்ந்தார்கள். 2003 டிசம்பர் வரைக்கும் திமுக அந்த அரசில் இருந்தது. நீங்கள் எங்களுக்குப் பாடம் எடுக்கிறீர்களா?

கறுப்பு சிவப்பு:
1998-ல் தமிழ்நாட்டில் பாஜகவுக்கு மூன்று எம்.பி. வாங்கிக் கொடுத்தது யார் கூட்டணி? 2004-ல் மறுபடி அவர்களோடு சேர்ந்து 39-லும் தோற்றது யார்?

இலைநிழல்:
தோற்றதைச் சொல்கிறீர்களே, 2014-ல் நாங்கள் தனியாக நின்று 37 ஜெயித்தோம். நீங்கள் எத்தனை? பூஜ்யம்.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் இருவரும் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். 18 ஓட்டு போனது உண்மை. ஆனால் 18 போன பிறகும் அரசுக்கு வழி இருந்தது, அதுதான் விஷயம். மாயாவதியின் கட்சிக்கு ஐந்து எம்.பி. ஓட்டெடுப்பில் கலந்துகொள்ள மாட்டோம் என்று சொன்னவர்கள். அன்றைக்குக் காலையில் மனம் மாறி எதிர்த்துப் போட்டார்கள். அவர்கள் சும்மா இருந்திருந்தால் 269-க்கு 265. அரசு நிம்மதியாக ஜெயித்திருக்கும். இவ்வளவையும் கணக்கில் எடுத்துத்தான் சொல்கிறேன். அந்த ஒரு ஓட்டு என்ற கேள்விக்கு ஒரே பதில் சோஸ்.

சூறாவளி:
ஐயா, நீங்களே இப்போது மாயாவதியின் ஐந்து ஓட்டைச் சொல்லிவிட்டீர்கள். ஐந்து, இரண்டைவிடப் பெரியது. உங்கள் கணக்குப்படியே மாயாவதிதானே காரணம்?

கணக்குப்பிள்ளை:
கேள்வி "அந்த ஒரு ஓட்டு" பற்றியது. ஐந்து ஓட்டு எப்படி ஒரு ஓட்டாகும்? மாயாவதி கட்சித் தலைவராக எடுத்த முடிவு. சோஸ் தனி மனிதராக எடுத்த முடிவு. தனி மனிதர் ஒருவரால் அரசு கவிழ்ந்தது என்றால் அது சோஸ். நீங்கள் கேள்வியை மாற்றுகிறீர்கள். போன தடவை 2008 பற்றிப் பேசும்போதும் இப்படித்தான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை.

சூறாவளி:
2008-ல் என்ன செய்தேன்? ஜூலை 22-ல் நம்பிக்கை ஓட்டெடுப்பில் 275-க்கு 256 என்று மன்மோகன் அரசு ஜெயித்ததைச் சொன்னேன். அது தப்பா?

பழைய பேப்பர்:
அன்றைக்கு மூன்று பாஜக எம்.பி.க்கள் ஓட்டுக்கு லஞ்சம் என்று சொல்லி மக்களவையில் பணக்கட்டுகளைத் தூக்கிக் காட்டினார்கள். அதையும் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு எப்போதும் பாதிக் கதைதான் ஞாபகம் இருக்கும்.

தேன்மொழி:
நான் எழுதியதை யாருமே படிக்கவில்லை என்று தெரிகிறது. சரி, 1999-க்கே வருகிறேன். சூறாவளி, சோனியா எதிர்க்கட்சித் தலைவராக இருந்து கவிழ்த்தார் என்கிறீர்கள். 12-ஆவது மக்களவையில் எதிர்க்கட்சித் தலைவர் சரத் பவார். சோனியா அப்போது எம்.பி.யே இல்லை. 1998 மார்ச்சில் கட்சித் தலைவரானார், அதே வருஷம் நடந்த தேர்தலில் அவர் நிற்கவே இல்லை, 1999 அக்டோபரில்தான் முதல் தடவையாக மக்களவைக்கு வந்தார். சபைக்குள் ஒருவர் தலைவர், சபைக்கு வெளியே இன்னொருவர் முடிவெடுப்பவர். இந்த இரட்டைத் தலைமை எதிர்க்கட்சிக்கு நல்லதா என்று பேசலாமே? அடுத்த மாசமே சோனியாவை எதிர்த்த பவார், சங்மா, தாரிக் அன்வர் மூவரும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதுதான் எனக்கு இதில் முக்கியமான பாடம்.

சூறாவளி:
அக்கா, பவார் பெயரளவுக்கு இருந்தார். முடிவு எடுத்தது சோனியாதான் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். நன்றி.

தேன்மொழி:
நான் சொன்னது அதற்கு நேர் எதிர்.

பழைய பேப்பர்:
சூறாவளிக்கு ஒரு கேள்வி. கவிழ்த்தாரே, அடுத்து என்ன செய்தார்? ஏப்ரல் 21-ல் குடியரசுத் தலைவரைப் பார்த்துவிட்டு வந்து, 272 பேர் இருக்கிறார்கள் என்றார். எங்கே இருந்தார்கள்? முலாயம் சிங் 20 எம்.பி.க்களை வைத்துக்கொண்டு, காங்கிரஸ் தலைமையில் அரசு என்றால் ஆதரவில்லை என்று கை விரித்துவிட்டார். ஐந்தே நாளில் சபை கலைந்தது. மாற்று அரசு கையில் இல்லாமல் இருக்கிற அரசைக் கவிழ்ப்பது, அடுத்த வீட்டைப் பார்க்காமல் இருக்கிற வீட்டைக் காலி செய்கிற மாதிரி. தெருவில்தான் நிற்க வேண்டும். நாடே நின்றது. மே மாதம் கார்கிலில் ஊடுருவல் தெரிந்தபோது தில்லியில் இருந்தது காபந்து அரசு. இதற்கெல்லாம் காரணம் கமாங்கின் கை.

சூறாவளி:
கார்கிலைக் காங்கிரஸ் தலையில் கட்டுகிறீர்களா? காபந்து அரசாக இருந்தாலும் போரை நடத்தியது அதே வாஜ்பாய், அதே பெர்னாண்டஸ். கோட்டை விட்டதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஓட்டெடுப்புக்கும் ஊடுருவலுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய பேப்பர்:
சம்பந்தம் இருக்கிறது. ஜனங்களுக்குப் புரிந்தது. அதனால்தான் 1998-ல் 141 இடம் வாங்கிய காங்கிரசை 1999-ல் 114-க்கு இறக்கினார்கள். அதுவரை அந்தக் கட்சி அவ்வளவு குறைவாக வாங்கியதே இல்லை. பாஜக அதே 182. கமாங்கின் ஒரிசாவில் என்ன ஆனது? 21-ல் காங்கிரசுக்கு 2. முதல்வர் தில்லிக்குப் போய்க் கை தூக்கியதற்கு அந்த மாநிலமே பதில் சொன்னது. அந்த வருஷம் முடிவதற்குள் கமாங்கையும் முதல்வர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
அவரை எடுத்தது அக்டோபரில் அடித்த பெரும் புயலுக்குப் பிறகு. நிவாரணம் சரியில்லை என்று எடுத்தார்கள். ஓட்டுக்காக எடுக்கவில்லை. எல்லாவற்றையும் கமாங் தலையில் கட்டுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. சோஸைப் பற்றிப் பேச மறுப்பது ஏன்? பதில் இல்லை.

சூறாவளி:
114 என்று சொல்கிறீர்கள், உத்தரப் பிரதேசத்தைச் சொல்லவில்லையே? 1998-ல் காங்கிரசுக்கு அங்கே பூஜ்யம். 1999-ல் 10. கட்சி அங்கே உயிர் பிடித்தது அப்போதுதான். 2004-ல் ஆட்சிக்கே வந்தார்கள். ஐந்து வருஷம் பொறுமையாக எதிர்க்கட்சியாக இருந்து, கூட்டணி கட்டி வந்தார்கள்.

தேன்மொழி:
அப்படியானால் 2004 வெற்றிக்குக் காரணம் கூட்டணி கட்டியது, 1999-ல் கவிழ்த்தது இல்லை. நீங்களே உங்கள் வாதத்தை உடைத்துவிட்டீர்கள். 1998-ல் தனியாகவே ஆட்சிக்கு வருவோம் என்று நினைத்த கட்சி, 2004-ல் திமுக, ராஷ்ட்ரிய ஜனதா தளம், அதே பவாரின் கட்சி என்று ஒவ்வொரு வாசலாகப் போனது. தலைமை கற்றுக்கொண்டது அங்கேதான்.

சூறாவளி:
நான் எதையும் உடைக்கவில்லை. கவிழ்க்கத் தெரிந்தவருக்குத்தான் கட்டவும் தெரியும்.

கறுப்பு சிவப்பு:
2004 என்றால் 39-ம் எங்கள் கூட்டணி கொடுத்தது. அதை மறந்துவிட்டு யார் யாரையோ புகழ்கிறீர்கள். எதிர்க்கட்சியை ஆளுங்கட்சியாக்கியது தமிழ்நாடு.

இலைநிழல்:
கூடவே 2ஜியும் கொடுத்தீர்கள்.

கறுப்பு சிவப்பு:
2017 டிசம்பரில் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. உங்கள் தலைவி வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று நான் ஆரம்பிக்கட்டுமா?

கணக்குப்பிள்ளை:
ஆரம்பிக்க வேண்டாம். 1999-ல் நில்லுங்கள். நான் இன்னும் முடிக்கவில்லை.

கமாங் கட்சி சொன்னதைச் செய்தார். காங்கிரஸ் எம்.பி. காங்கிரஸ் கொறடாவுக்குக் கட்டுப்பட்டு ஓட்டுப் போட்டார். இதில் ஆச்சரியம் என்ன? காங்கிரசின் ஒவ்வொரு எம்.பி.யும் அதைத்தான் செய்தார். அவர்களில் ஒருவரை மட்டும் தனியாகப் பிடித்து, உன்னால்தான் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? எல்லோரும் எதிர்பார்த்தபடி ஓட்டுப் போட்டவர் எப்படிக் காரணமாவார்? எதிர்பாராமல் போட்டவர்தான் காரணம். சோஸ்.

பழைய பேப்பர்:
கமாங்கும் எதிர்பாராதவர்தான். முதல்வராகிவிட்ட ஒருவர் வருவார் என்று யார் எதிர்பார்த்தார்கள்? எதிர்பார்க்கவில்லை என்பதால்தானே அன்றைக்குச் சபையில் அவ்வளவு சத்தம்?

கணக்குப்பிள்ளை:
சத்தம் போட்டவர்கள் தோற்றவர்கள். தோற்றவர்களுக்குக் காட்ட ஒரு முகம் வேண்டியிருந்தது. கமாங் கிடைத்தார். ஒரிசாவின் பழங்குடித் தலைவர், தில்லிப் பத்திரிகைகளில் அவருக்காக வரிந்து கட்டிக்கொண்டு எழுத ஆளில்லை. அதனால் பழி அவர் மேல் நின்றுவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் நீங்கள் அதையே சுமந்துகொண்டு வருகிறீர்கள். எனக்கு அதுதான் கோபம்.

பழைய பேப்பர்:
பழங்குடி என்பதற்காக நான் பேசுகிறேன் என்று மறைமுகமாகச் சொல்கிறீர்களா? வார்த்தையை அளந்து பேசுங்கள். யார் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதே கமாங் 2015-ல் பாஜகவிலேயே சேர்ந்தார், அது தெரியுமா உங்களுக்கு? எந்தக் கட்சியின் அரசைக் கவிழ்த்தாரோ அந்தக் கட்சியிலேயே!

கணக்குப்பிள்ளை:
தெரியும். உங்களுக்குக் குற்றவாளியாகத் தெரிபவரைப் பாஜகவே கட்சியில் சேர்த்துக்கொண்டது. அவர்களுக்கே இல்லாத கோபம் உங்களுக்கு. இதற்குமேல் எனக்கு என்ன ஆதாரம் வேண்டும்?

தேன்மொழி:
கடைசியாக ஒரு தடவை முயற்சி செய்கிறேன். சூறாவளி முதலில் சொன்ன ஒப்பீடு இன்றைய எதிர்க்கட்சியைப் பற்றியது. 2023 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். தோற்கும் என்று அவர்களுக்கே தெரியும். மணிப்பூர் பற்றிப் பிரதமரைச் சபையில் பேச வைப்பதுதான் நோக்கம். அந்த அளவில் சரியான உத்தி. பேச வைத்தார்கள். ஆனால் ஆகஸ்ட் 10-ல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்ட உரையில் மணிப்பூர் வருவதற்கு முன்பே எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு செய்துவிட்டார்கள். அவர்கள் போன பிறகுதான் அவர் மணிப்பூரைத் தொட்டார். தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வரும் நேரத்தில் சபையில் இல்லை. வேண்டுமென்றே அவர் தள்ளிப் போட்டார் என்று சொல்லலாம், இருந்தாலும் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதைப் பேசுங்கள். இதில்தான் தலைமை தெரியும்.

சூறாவளி:
அதைத்தான் நானும் சொல்கிறேன் அக்கா! வெளிநடப்பால் என்ன பயன்? 1999-ல் யாரும் வெளிநடப்பு செய்யவில்லை. உட்கார்ந்து ஓட்டுப் போட்டார்கள். ஒரே ஓட்டில் கவிழ்த்தார்கள்.

பழைய பேப்பர்:
முதல்வரை வரவழைத்துக் கவிழ்த்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
கொறடாவை மீறியவரால் கவிழ்ந்தது.

இலைநிழல்:
அம்மா கவிழ்த்தார்.

தேன்மொழி:
2023-ல் அவர்களிடம் கவிழ்க்கும் எண்ணிக்கையே கிடையாது. 1999-ல் இழுபறிச் சபை, 2023-ல் ஒரே கட்சிக்கு 300-க்கு மேல். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதே தப்பு.

சூறாவளி:
2024-ல் பாஜகவுக்கு 240 தான். இப்போது தனிப் பெரும்பான்மை இல்லை. நிதிஷும் சந்திரபாபுவும்தான் தாங்கிப் பிடிக்கிறார்கள். 1999 மாதிரி ஒரு தேநீர் விருந்துக்கு இடம் இருக்கிறதா, இல்லையா? அதைச் செய்யத் தெரியவில்லை என்பதுதான் என் ஆதங்கம். சபாநாயகர் தேர்தலில் கே.சுரேஷை நிறுத்தினார்கள், சரி. ஆனால் வாக்கெடுப்பு கேட்டு அழுத்தவில்லை, குரல் ஓட்டிலேயே ஓம் பிர்லாவை ஜெயிக்க விட்டுவிட்டார்கள். 1999-ல் இருந்த வேகம் எங்கே?

பழைய பேப்பர்:
மறுபடியும் மாற்று இல்லாமல் கவிழ்க்கச் சொல்கிறீர்கள். ஜெர்மனியில் அடுத்த பிரதமர் யார் என்று சேர்த்து ஓட்டெடுத்தால்தான் இருப்பவரை இறக்க முடியும். 1982-ல் ஷ்மிட்டை இறக்கிய அதே ஓட்டில் ஹெல்முட் கோல் பதவிக்கு வந்தார். அப்படி ஒரு சட்டம் இங்கே இருந்திருந்தால் கமாங் தில்லிக்கு வந்தும் ஒன்றும் நடந்திருக்காது.

கணக்குப்பிள்ளை:
சோஸ் மீறியும் ஒன்றும் நடந்திருக்காது. அதைச் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்? ஜெர்மனி வரைக்கும் போனீர்கள், ஸ்ரீநகருக்கு வர மாட்டேன் என்கிறீர்கள்.

பழைய பேப்பர்:
சோஸ் பாராமுல்லா எம்.பி. ஸ்ரீநகர் இல்லை. ஸ்ரீநகர் உமர் அப்துல்லா. கணக்குப் போடுகிறவர் தொகுதியையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
அவருடைய தொகுதி ஸ்ரீநகர் என்று நான் எங்கே சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள். அந்தக் கட்சியின் தலைமை இருந்த ஊரைச் சொன்னேன். உமர் கட்சி சொன்னபடி போட்டார், சோஸ் போடவில்லை. இந்த வித்தியாசம்தான் என் வாதமே. பேச்சை மாற்றப் பார்க்கிறீர்கள்.

பழைய பேப்பர்:
மாற்றுவது நானா? ஆரம்பத்திலிருந்து நான் ஒரே பெயரைத்தான் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
தப்பான பெயரை.

கறுப்பு சிவப்பு:
இலைநிழல், 2014-ல் 37 என்றீர்களே, 2019-ல் எத்தனை? ஒன்று. 2024-ல் எத்தனை? அதையும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

இலைநிழல்:
நீங்கள் முதலில் 1999 ஏப்ரல் 17-ல் யார் பக்கம் ஓட்டுப் போட்டீர்கள் என்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்த 269-ல் திமுகவும் உண்டு, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகம் 270-ல்தான். பழைய பேப்பருக்கு நேரடியாகக் கேட்கிறேன், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். சோஸ் கொறடாவுக்குக் கட்டுப்பட்டிருந்தால், கமாங் வந்து எதிர்த்துப் போட்டிருந்தாலும் வாஜ்பாய் அரசு ஜெயித்திருக்குமா, இல்லையா?

பழைய பேப்பர்:
கமாங் வராமல் இருந்திருந்தால், சோஸ் எதிர்த்துப் போட்டிருந்தாலும் பாலயோகி காப்பாற்றியிருப்பாரா, இல்லையா? நீங்கள் முதலில் சொல்லுங்கள்.